போய் வருகிறேன்

விடைபெறும் வேளையில் தமிழர் "போகிறேன்" என்று கூறார். "போய் வருகிறேன்" என்றே கூறுவர். கொங்கு நாட்டில் அதனோடு பணிவும் சேர்ந்து, "போய் வருகிறேனுங்க" என ஒலிக்கும். செல்பவர் நலமே மீள்வார் என்னும் நம்பிக்கை அத்தொடரில் உறைகின்றது.

நொய்யலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து கோயமுத்தூருக்குச் சென்று படித்து வந்தான் ஒரு மாணவன். ஒருநாள் மாலை அவன் ஆங்கில ஆசிரியரிடம், "ஐ வில் கோ அண்ட் கம், சார்" என்று கூறி விடைபெற்றான். உடனிருந்த மாணவர்கள் நகைத்தனர். தாய்மொழி வழக்கே தனக்கு இழிவைத் தேடித் தந்தது என எண்ணி அவன் நாணினான்.

கொங்கு நாட்டார் தாயைப் பெற்ற பாட்டியை அம்மாயி என்பர். மறுநாள் காலை அவன் தன் அம்மாயியிடம், "போகிறேன்" என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டான். மூதாட்டியின் முகம் வாடிற்று. "அப்படிச் சொல்லக் கூடாது சாமி, போய் வருகிறேன் என்று சொல்" என்றாள். அவன் மறுமொழி கூறாது நடந்தான். ஆயினும், வாடிய அம்முகம் வழியெல்லாம் அவன் நெஞ்சை வருத்தியது.

பள்ளியில் அவனது வாட்டத்தைக் கண்ட ஆசிரியர், நிகழ்ந்ததைக் கேட்டறிந்தார். "தம்பி, உன் தமிழில் பிழை இல்லை, அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததே பிழை. 'கோ' என்பது செல்லுதல். 'கம்' என்பது வருதல். இவ்விரண்டையும் இணைத்துக் கூறினால், ஆங்கிலேயர் செவிக்குப் போக்கும் வரவும் தோன்றுமேயன்றி, விடைபெறும் பொருள் தோன்றாது. சற்று நேரத்தில் திரும்புவதாயின், 'ஐ வில் பி பேக்' என்று சொல். பிரிந்து செல்வதாயின், 'குட்பை' என்று சொல். அதுவும் வாழ்த்தே. 'இறைவன் உம்மோடு இருப்பாராக' என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலத் தொடர் தேய்ந்தே அச்சொல் ஆயிற்று" என்றார்.

ஆசிரியர் மேலும் கூறினார்: "பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தைப் பவணந்தி முனிவரின் ஊராகக் கொங்கு நாட்டார் போற்றுவர். அவர் நன்னூலில் தகுதி வழக்கை மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார். மங்கலமற்றதை மங்கலமான சொல்லால் கூறுவது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், விளக்கை அணை என்னாது குளிர வை என்பதும் அவ்வகையின. உன் அம்மாயி நன்னூலைக் கற்றிலர். ஆயினும், அதன் நெறியை அறிந்தவர்."

மொழிபெயர்ப்போர் சொல்லை மட்டும் நோக்கின், பொருள் நழுவிவிடும். ஒவ்வொரு மொழியும் தன் அன்பைத் தனக்கே உரிய முறையில் உரைக்கும். ஆங்கிலம் பேசுங்கால் ஆங்கில மரபையும், தமிழ் பேசுங்கால் தமிழ் மரபையும் பேணுதலே அறிவுடைமை.

மறுநாள் காலை மாணவன் வாயிற்படியில் நின்று, "அம்மாயி, போய் வருகிறேனுங்க" என்றான்.

"போய் வா, சாமி" என்றாள் மூதாட்டி.