மரை கழன்ற துளைகள்

"மரை" என்னுஞ் சொல் பழைய நூல்களில் மானினத்துள் ஒன்றைக் குறிக்கும். "தாமரை" என்பது முதற்குறைந்து "மரை" என நிற்றலையும் இலக்கணம் பயில்வோர் அறிவர். திருகாணியின் உடம்பைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரம்புக்கும் அதுவே பெயர் என்பதை யாம் வகுப்பறையிற் கற்றிலேம், பட்டறையிற் கற்றோம். அறிவு தடுமாறினவனை உலகோர் "மரை கழன்றவன்" என எள்ளுதல் இந்த மரையை நோக்கியே என்பதும் அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. சென்ற கோடை விடுமுறையில் எம் தாத்தாவின் மோட்டார் வண்டியில் நான்கு துளைகளின் மரையை யாம் அழித்தோம். அதனால் விளைந்தவற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இஃது ஏற்ற பொருளாமோ எனச் சிலர் ஐயுறலாம். யாமும் ஐயுற்றோம்.

எம் இல்லம் புதுச்சேரியில், சம்பா கோயிலின் மணியோசை கேட்கும் தொலைவில், ஒரு குறுந்தெருவில் உள்ளது. தாத்தாவுக்கு அகவை 79. இப்பொழுது மூடப்பட்டுவிட்ட பஞ்சாலை ஒன்றிற் கணக்கெழுதியவர். 1954 நவம்பர் 1ஆம் நாள் இவ்வூர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியினின்று இந்தியாவின் கைக்கு வந்தபொழுது அவர் எட்டு வயதுச் சிறுவர்; நேரு வீதியை இன்றும் துய்ப்ளே வீதி என்றே சொல்லுவார். பணியிலிருந்த காலத்தே, 1998இல், பல்லாண்டு சேமித்த பொருள் கொண்டு ஒரு மாருதி 800 வாங்கினார். 1983 டிசம்பரில் முதன்முதல் வெளிவந்து, 2014 சனவரியோடு செய்வது நிறுத்தப்பட்ட சிறு வண்டி அது. பதினைந்து ஆண்டு நிறைந்தபின் ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பித்து அதனைக் காத்து வருகின்றார். ஞாயிறுதோறும் முதற் பூசைக்கு அதிலேதான் செல்வார்; நடந்து செல்லக்கூடிய தொலைவே. அதனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடும்படி எம் பெரியப்பா சொல்வதும், தாத்தா சோற்றில் கைகழுவி எழுந்துபோவதும் எம் வீட்டில் வழக்கமாய் நிகழ்வன.

அவ்வண்டியின் டாஷ்போர்டில், விரைவு காட்டும் மானியைச் சூழ்ந்துள்ள கறுத்த சட்டத்தின் பின்னிருந்து கடகடவென ஓரொலி எழுந்துகொண்டேயிருந்தது. பெரியப்பாவுக்கு அவ்வொலியே வாதத்திற்குச் சான்றாயிற்று. அதனை அடக்கி, தாத்தாவை வெற்றி பெறச் செய்வோம் என்னும் எண்ணத்துடன், அவர் பகலுறக்கங் கொண்டிருந்த வேளையில் யாம் திருப்புளியும் கையுமாய் வண்டியிற் புகுந்தோம். சட்டத்தைக் கழற்றினோம், பின்னே பழந்துணியைத் திணித்தோம், மீண்டும் பொருத்தி, இறுக்கினால் ஒலி அடங்கும் என்று கருதி முழுவலியுங் கொண்டு முடுக்கினோம். இறுகி வந்த திருப்புளி திடீரெனக் கையில் எளிதாயிற்று. மாடிப்படியிற் கடைசிப் படி உண்டென எண்ணிக் காலை ஊன்ற, அங்கே படி இல்லாதபொழுது வயிற்றிலே தோன்றுமே ஓருணர்வு, அது தோன்றிற்று. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். நான்கையும் அவ்வாறே செய்துமுடித்தோம்.

இவ்வகைத் திருகாணிக்கு மறுபுறத்தே நட்டு இல்லை. பிளாஸ்டிக்கிற் குழல்போல் வார்க்கப்பட்ட சிறு தூணின் உள்ளே, முதன்முறை முடுக்கும்பொழுது ஆணி தானே தன் மரையை அறுத்துக்கொள்கின்றது. அடுத்த முறை முடுக்குவோன் அப்பழைய தடத்தைத் தேடிப் பிடித்தல் வேண்டும். தேடாது அழுத்தித் திருகின், ஆணி தடத்தைக் குறுக்கே வெட்டிப் புதியதொன்றை அறுக்கும். தடம் பிழையாதவிடத்தும் அளவுக்குமேல் இறுக்கின் வரம்பு முழுதும் பிய்ந்து ஆணியோடு வரும். இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வெயிலைக் கண்ட பிளாஸ்டிக்கில் பழைய நெகிழ்ச்சியும் இராது. இவையெல்லாம் யாம் பின்னர் அறிந்தன.

அன்று யாம் அறிந்தது தீக்குச்சி ஒன்றே. கதவுக் கீலின் ஆணி தளர்ந்தால் துளையிலே தீக்குச்சியைச் செருகி முடுக்குதல் எவ்வீட்டிலும் உள்ள வழக்கம். மரத்துக்கு அது பொருந்தும். இங்கே குச்சி நொறுங்கிற்று. பின்னர், நொடியில் ஒட்டும் பசையோடு ஆப்பசோடாவைச் சேர்த்தால் கல்லாய் இறுகும் எனக் கேள்வியுற்றிருந்தமையால், அடுக்களையிலிருந்து ஒரு கரண்டி சோடாவைக் கவர்ந்து வந்தோம். அப்பசை வகையின் வரலாறு சுவையுடையது. 1942இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பாரும் உடனிருந்தோரும் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடுகையில் அதனைக் கண்டு, தொட்டவற்றிலெல்லாம் ஒட்டுகின்றதே என வெறுத்து ஒதுக்கினர். 1951இல் அதன் அருமையை உணர்ந்தனர். 1958இல் அது விற்பனைக்கு வந்தது. தொட்டவற்றிலெல்லாம் ஒட்டும் என்றோம். எம் விரல்களில் நன்றாகவே ஒட்டிற்று. துளைகளிலும் வெண்மையாய் இறுகியது. யாம் மகிழ்ந்து, சட்டத்தைப் பொருத்தி, ஒருவரிடமும் ஒன்றும் கூறாது விட்டோம்.

ஐந்து நாட்களின் பின் கார்புரேட்டரைத் தூய்மை செய்வதற்காக வண்டி பட்டறைக்குச் சென்று மாலையே மீண்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதியிற் கூடும் ஞாயிறு சந்தையின் நெரிசலருகே தாத்தா வண்டியை ஓட்டிச் செல்கையில், அச்சட்டம் கழன்று அவர் மடிமேல் வீழ்ந்தது. அவர் திடுக்கிட்டுப் பிரேக்கை மிதித்தார். பின்னே ஸ்கூட்டரில் வந்தவர் நூலிழையில் தப்பினார். அவர் பின்னிருக்கையில் ஒரு சிறு பெண் இருந்தாள். யாம் தாத்தாவின் அருகிலே அமர்ந்திருந்தோம்.

திங்களன்று தாத்தா சட்டத்தைக் கையிலேந்திப் பட்டறைக்குச் சென்றார், எம்மையும் உடனழைத்தார். அங்கே பணிசெய்யும் இளைஞர் எம்மினும் நாலைந்தாண்டு மூத்தவர். அண்ணன் என்றே அவரை அழைப்போம்.

"கார்புரேட்டரைத் துடைக்கச் சொன்னால் டாஷ்போர்டை ஏன் கழற்றினாய்?" என்றார் தாத்தா.

"நான் அதைத் தொடவில்லை, ஐயா."

"அப்படியானால் தானே கழன்று என் மடியில் விழுந்ததோ?"

பட்டறை உரிமையாளர் பழைய வாடிக்கையை இழக்க மனமின்றி, வாங்கிய 600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, அதனை இளைஞரின் கூலியிற் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். அண்ணன் சட்டத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஆணித்தலைகளில் ஒட்டியிருந்த வெண்கட்டியையும் கண்டார். பின்பு எம் விரல்களைப் பார்த்தார். பசையின் வடு ஆங்கே இன்னும் உரியாதிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாமும் ஒன்றும் சொல்லவில்லை. யாம் சொல்லாமைக்கு அச்சமே காரணம். அதற்கு வேறு அழகிய பெயர் இட இயலாது.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் நண்பகல், உரிமையாளர் உணவுக்குச் செல்லும் வேளையில், வண்டிச் சாவியைத் தாத்தா அறியாது எடுத்து, வண்டியை ஓட்டத் தெரிந்த அளவுக்கு ஓட்டிப் பட்டறையை அடைந்தோம். ஒரு தவற்றை நீக்கச் சென்று மற்றொன்றைச் செய்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

"அண்ணா, செய்தது நாம்தான்" என்றோம்.

"தெரியும், தம்பி. விளக்கைப் பிடியுங்கள்" என்றார்.

அவர் கம்பியால் நெம்பவே, வெண்கட்டி முளைப்பல்போல் முழுதாய் வெளியே வந்தது. துளையின் சுவரிலே பசையின் சுவடும் இல்லை. சட்டத்தின் பின்புறம் பொறித்திருந்த "பி.பி." என்னும் இரண்டெழுத்துக்களை அவர் காட்டினார், தூண்களும் அதே பொருளே என்றார். பாலிப்ரொப்பிலீன் என்பதன் குறுக்கம் அது. கியூலியோ நாட்டா என்னும் இத்தாலிய அறிஞர் படிகவடிவில் அதனை ஆக்கியதும் 1954ஆம் ஆண்டே. 1963இல் ஜெர்மானியராகிய சீக்ளரோடு நோபெல் பரிசும் பெற்றார். வாளியும் நாற்காலியுமாய் நம் வீடுகளில் நிறைந்திருக்கும் அப்பொருள்மேல் பசைகள் எளிதிற் பற்றுவதில்லை. "ஏ.பி.எஸ்." என்று எழுதியிருப்பின், அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனிற் கரைத்துக் குழம்பாக்கி அடைக்கலாமாம். பி.பி. அதிற் கரையாது, அதனை அதன் இனத்தோடு உருக்கிச் சேர்ப்பதே வழி என்றார்.

மூலையிற் கிடந்த உடைந்த பம்பர் ஒன்றில் அவ்வெழுத்துக்களைத் தேடிப் பார்த்து, அதனின்று குச்சிபோல் ஒரு துண்டைச் சீவினார். ஈயம் பற்றவைக்கும் கோலைச் சுடவைத்து, துளையின் சுவரும் துண்டும் ஒருங்கே உருகுமாறு சிறிது சிறிதாய் நிரப்பினார். புகை படக்கூடிய எம் முகத்தைப் பிடித்து அப்பால் தள்ளினார். நான்காவது தூண் நெடுக வெடித்திருந்தது. அதனை மட்டும் மெல்லிய செம்புக் கம்பியால் நெருக்கமாய்ச் சுற்றி, கம்பி பிளாஸ்டிக்கிற் புதையும்வரை சூடுகாட்டினார். எல்லாம் ஆறும்வரை தொடவிடவில்லை. அதற்கு அரைமணிக்கு மேலாயிற்று. அவருடைய சோற்று வேளை அது. ஆறியபின், நான்கு மில்லிமீட்டர் ஆணிக்கு மூன்று மில்லிமீட்டர்த் துளையிட்டு, மின்கருவியைத் தீண்டாது, கையாலேயே மெல்ல முடுக்கினார்.

பின்பு எல்லாவற்றையும் கழற்றி, திருப்புளியை எம்மிடம் தந்தார். "முதலில் எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். ஆணி பழைய தடத்தில் விழும்போது 'டிக்' என்று கையில் தெரியும். அதன்பிறகு முடுக்குங்கள்." இருமுறை தவறினோம். மூன்றாமுறை அந்த "டிக்" எம் விரலுக்குக் கேட்டது, செவிக்கன்று, விரலுக்கே.

கூலி யாது என வினவினோம். "தாத்தாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், தம்பி, நான் சொன்னால் சண்டையாகும்" என்றார்.

மாலையிற் சொன்னோம். தாத்தா நெடுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார். பின்பு வெள்ளை வேட்டி உடுத்து, கைத்தடியுடன் நடந்தே பட்டறைக்குச் சென்றார், யாம் பின்தொடர்ந்தோம். உரிமையாளர் முன்னிலையில் 600 ரூபாயை வைத்து, "குற்றம் என் வீட்டில். பையனின் கூலியிற் கை வைக்காதீர்கள்" என்றார். இளைஞரை நோக்கி, "தம்பி, பெரியவன் அவசரப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்" என்றார். தம் வயதில் மூன்றிலொரு பங்கும் நிரம்பாத ஒருவரிடம் அவர் அவ்வாறு கூறியதை யாம் நின்று கேட்டோம். எம்மை அவர் ஏதேனும் வைதிருப்பின் எளிதாயிருந்திருக்கும்.

எம்மோடு இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, திருப்புளியை எம்முன் வைத்து, "கழற்றி மாட்டிக் காட்டு" என்றார். காட்டினோம். "டிக்" எனும்போது அவரும் தம் விரலை எம் விரல்மேல் வைத்து உணர்ந்து பார்த்தார்.

கடகடவென்னும் ஒலி இன்னும் இருக்கின்றது. அது சட்டத்தின் பின்னிருந்து வந்ததன்று. எங்கிருந்து வருகின்றதென அண்ணனும் யாமும் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.