அறுபது அடி மணிக்கூண்டு

உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். பெரட்டுக்குப் போகும் வேலை முடிந்த பிறகும் காலை நான்கு மணிக்கே எழுந்து, சத்தம் போடாமல் நடப்பதாக நினைத்துக்கொண்டு லயத்தையே எழுப்பிவிடுவார். எங்கள் தோட்டத்தில் அவரை எல்லாரும் மாமா என்றுதான் அழைக்கிறோம். சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். போன ஆண்டு அறுபது முடிந்தது, வேலையும் முடிந்தது.

தனியார் தொழிலாளரின் ஓய்வு வயதைக் குறைந்தது 60 ஆக்கிய சட்டம் 2013-இல் நடப்புக்கு வந்தது. ஓய்வு வந்தால், தோட்டத்து வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பினாங்கில் ஆலை வேலை பார்க்கும் மகன், "அப்பா, எங்களோடு வந்துவிடுங்கள்" என்று அழைக்கிறான். மாமா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"வாத்தியாரே, பள்ளிக்கூடம் லீவுதானே? ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வருவோம், வாங்க" என்றார் என்னிடம்.

பசியாறிவிட்டுச் சுங்கைப் பட்டாணியில் ரயில் ஏறினோம். இந்தப் பாதையில் 2015 முதல் மின்ரயில் ஓடுகிறது. மாமா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த பால்மரக் காடுகள் சில செம்பனையாகியிருந்தன. சில வீடமைப்புப் பகுதியாகியிருந்தன.

"பால்மரத்துக்கு இருபத்தஞ்சு, முப்பது வயசுல ஓய்வு கொடுத்துடுறாங்க. அப்புறம் அறுத்து நாற்காலி செய்யுறாங்க. மனுஷனுக்கு ஓய்வு கொடுத்தா, அந்த நாற்காலியில உட்காரச் சொல்றாங்க. மரத்தோட பாடு தேவலை வாத்தியாரே, அதுக்கு மூட்டு வலி கிடையாது!"

பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரித் துறைக்கு நடந்தோம். மாமாவின் கண்கள் பழைய ஃபெரியைத் தேடின. கார்களையும் மனிதர்களையும் சேர்த்துச் சுமந்த அந்தப் பெரிய ஃபெரிகள் 2020-ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவின் பெயர் இருந்தது. 2023 முதல் ஓடும் புதிய படகுகள் சிறியவை, வேகமானவை. ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே ஏறலாம்.

"பழைய ஃபெரியில தீவுக்குப் போகத்தான் காசு; திரும்பி வர காசு கேட்க மாட்டாங்க. இப்ப நான் அங்கே போயிட்டா, திரும்பி வர என்ன கொடுக்கணுமோ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

நடுக்கடலில் தெற்கே பாலம் தெரிந்தது. 1985-இல் அது திறந்தபோது மாமா இளைஞர். பாலம் வந்தால் ஃபெரியின் கதை முடிந்தது என்று அப்போது தோட்டத்தில் பேசிக்கொண்டார்களாம். 2014-இல் 24 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டாவது பாலமும் வந்துவிட்டது. "இன்னும் நாம ஃபெரியிலதானே போறோம்?" என்றார் மாமா. அவருக்கு அதில் ஒரு திருப்தி.

கரையேறி, கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் நடந்தால் வெள்ளை மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. விக்டோரியா மகாராணி பட்டம் ஏறி 60 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் 1897-இல் எழுப்பத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். இரண்டாம் உலகப் போரில் அருகே விழுந்த குண்டுகளால் சற்றே சாய்ந்துவிட்டது.

மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அறுபது ஆனா யாராயிருந்தாலும் கொஞ்சம் சாயத்தான் வேணும் போல. அதோட கட்டுறதை நிறுத்திட்டாங்களே, ராணியும் அறுபதோட ஓய்வா?"

"இல்லை மாமா, 1901-இல் இறக்கும்வரை அவர்தான் ராணி. கூண்டு கட்டி முடிந்தது 1902-இல். அவர் பார்க்கவே இல்லை."

"அப்படின்னா அறுபதுக்கு மேலயும் வேலை இருந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பக்கத்தில்தான் குயின் தெரு. அங்கே 1833-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மகா மாரியம்மன் கோயிலில் நெடுநேரம் கண்மூடி நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

மகன் வீடு பதினான்காவது மாடி. மருமகள் மீன் கறி ஆக்கியிருந்தாள்; பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மடியை விட்டு இறங்கவில்லை. ஆனாலும் மாமா பால்கனியில் நின்று, "மண்ணு ரொம்பக் கீழே இருக்கு" என்றார் மெதுவாக. முடியாது என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

மறுநாள் விடியுமுன் மகன் என்னை எழுப்பினான். அப்பாவைக் காணவில்லை! பதறிக்கொண்டு லிஃப்டில் இறங்கினோம். கீழே சிமெண்டுப் பலகையில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு சீன அப்பேக். சூராவுக்குத் தொழப் புறப்பட்ட ஒரு மலாய்க்காரர். மாமா தோட்டத்து மலாயில் எதையோ சொல்ல, மூவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"வாத்தியாரே, இங்கேயும் பெரட்டு இருக்கு! தண்டல்தான் இல்லை" என்றார்.

அன்றே ஒத்துக்கொண்டார். முற்றத்துக் கறிவேப்பிலையில் ஒரு கன்று தொட்டியில் வரும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரை இடம் மாற்றும் காலம் வந்தால், சாமான்களைக் கட்டுவதற்கு முன்னே ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஓர் இரவாவது தங்கட்டும். தமக்கு வேண்டியது அங்கே இருக்கிறதா என்று அவரே தேடிப் பார்க்கட்டும். நாம் காட்டும் குளிர்சாதன அறையில் அது இருக்காது; கீழே சிமெண்டுப் பலகையில் இருக்கலாம்.

அடுத்த மாதம் மாமாவின் வீட்டுக்குப் பூட்டு. என் வீடு லயத்தை ஒட்டியது. இத்தனை வருடமும் மாமாவின் வாளிச் சத்தத்தில்தான் கண்விழித்தேன். இனி நான் ஒரு அலாரம் கடிகாரம் வாங்க வேண்டும்.