வீடு பார்ப்பதும் ஓர் அமானத்

மண்சட்டி வாங்கப் போனால் நம் வீட்டுப் பெண்கள் அதை விரலால் சுண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. 'கணீர்' என்று ஒலித்தால்தான் அது சட்டி. 'பொத்' என்று ஒலித்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்க்கிறோம். குர்பானிக்கு ஆடு பிடிக்கச் சென்றால் பல்லைப் பார்க்கிறோம். காதைத் திருப்பிப் பார்க்கிறோம். நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறோம். ஆயின், வாழ்நாள் உழைப்பையெல்லாம் கொட்டி ஒரு வீட்டை வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? கூடத்தில் அமர்ந்து காப்பி அருந்துகிறார். அறைகளை ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். 'பிஸ்மில்லாஹ்' சொல்லி முன்பணம் கொடுத்துவிடுகிறார். சட்டிக்குக் காட்டிய கவனத்தில் பாதியைக்கூட வீட்டுக்குக் காட்டுவதில்லை.

இதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று, கூச்சமும்தான். விற்பவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். ஒரே ஜமாஅத், ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுபவர், சில வேளைகளில் சம்பந்தி வழி உறவினர். அவர் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்ப்பது அவரது நாணயத்தையே தட்டிப் பார்ப்பது போல நமக்குத் தோன்றுகிறது. "என்ன பாய், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவர் ஒரு சொல் கேட்டுவிட்டால், அதற்கு மேல் நம் நா எழுவதில்லை. இந்தக் கூச்சம் முறையானதுதானா? இதையே ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

மத்ரஸாவில் 'கிதாபுல் புயூஃ' என்னும் வணிகப் பாடத்தை ஓதியவர்கள் ஒரு விவாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் தமது 'ஹிதாயா'வில் அதனை எடுத்துரைக்கிறார்கள். காணாத பொருளை வாங்கியவருக்கு, கண்டபின் வேண்டாமென விட்டுவிடும் உரிமை உண்டு. கண்டுவிட்டால் அவ்வுரிமை நீங்கிவிடும். அப்படியானால், வீட்டை 'கண்டார்' என்று எப்போது சொல்வது? முற்றத்தைக் கண்டாலே போதும் என்பது மூத்த இமாம்களின் தீர்ப்பு. 'இல்லை, உள்ளே புகுந்து அறைகளையும் காண வேண்டும்' என்றார்கள் இமாம் ஸுஃபர் (ரஹ்). ஹிதாயா ஆசிரியர் இரண்டையும் சீர்தூக்கிக் கூறும் விளக்கம் கருதத்தக்கது. முன்னோர் காலத்து வீடுகள் ஒன்றுபோல் இருந்தன. எனவே முற்றம் கண்டது போதுமாயிற்று. இக்காலத்து வீடுகளோ ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எனவே உள்ளே புகுந்து காண்பது இன்றியமையாதது என்கிறார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே 'இக்காலத்து வீடுகள்' குறித்து எழுந்த எச்சரிக்கை இது! ஷாஃபிஈ மத்ஹபிலோ, காணாத பொருளின் விற்பனையே செல்லாது என்பது வலுவான கருத்து.

மாலிக்கீ சட்ட அறிஞர்கள் வீட்டுக் குறைகளைத் தனியே எடுத்து வகைப்படுத்தினார்கள். பொருட்படுத்தத் தகாத சிறு குறைக்கு ஈடில்லை. சுவரில் வெடிப்பு உண்டு, ஆனால் வீடு இடிந்துவிடும் என்ற அச்சம் இல்லை என்றால், அதற்குத் தக்கவாறு விலையைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கே ஆபத்து என்றால் வீட்டையே திருப்பித் தந்துவிடலாம். இவற்றை யார் கண்டு சொல்வது? கட்டடம் அறிந்தவர்தான். பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் கொத்துத் தொழிலில் வல்லுநர். காழிக்குக் கட்டட வழக்குகளில் துணைநின்றவர். கட்டடச் சட்டங்கள் குறித்து நூலே இயற்றியவர். சுவரை அறிந்தவரின் சொல்லுக்கு நீதிமன்றத்தில் அன்று அத்தகைய மதிப்பு இருந்தது.

இதற்கெல்லாம் அடிப்படையாய் அமைந்த நிகழ்ச்சி நம் பிள்ளைகளும் அறிந்ததே. கடைத்தெருவில் குவித்திருந்த தானியத்துள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடிந்துரைத்தார்கள். இந்நிகழ்ச்சியை விற்பவருக்கான பாடமாகவே நாம் சொல்லி வருகிறோம். வாங்குபவருக்கும் இதில் பாடம் உண்டு. குவியலுக்குள் கை நுழைப்பது அவமதிப்பு அன்று. அது அண்ணலாரே செய்து காட்டியது.

நம் நாட்டுச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், விற்பவர் அறிந்த, வாங்குபவர் அறியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாத முக்கியக் குறைகளை விற்பவர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்கிறது. இதன் மறுபக்கம் என்ன? சாதாரணக் கவனத்துக்குப் புலப்படுவதைக் காண்பது வாங்குபவர் கடமை. கண்ணுக்குப் படாதது விற்பவரின் அமானத். கண்ணுக்குப் படுவது வாங்குபவரின் அமானத். பத்திரத்தில் 'உள்ளது உள்ளபடி' என்ற சொற்றொடர் காணப்பட்டால், கையொப்பமிடுமுன் அதன் பொருளை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறிவது நலம்.

சென்ற ஆண்டு நம் மகளுக்காக வீடு தேட நேர்ந்தது. மருமகனுக்கு இராஜபாளையத்தில் நூற்பாலை வேலை. பேரப்பிள்ளைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் பக்கமாகத் திருவண்ணாமலை என்றொரு சிற்றூர் உண்டு. குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட ஊர். தீப மலையால் புகழ்பெற்ற வடக்கே உள்ள மாநகர் வேறு, இது வேறு. அவ்வூர் செல்லும் வழியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. விற்பவர் நமக்கு நெடுநாள் பழக்கமானவர். மகளின் நகைகளும் மருமகனின் பத்தாண்டுச் சேமிப்பும்தான் கையிலிருந்த முதல்.

மம்சாபுரத்திலிருந்து ஒரு முதிய கொத்தனாரை உடன் அழைத்துச் சென்றோம். அவர் வீட்டினுள் நுழையவில்லை. முதலில் வெளியே சுற்றி வந்தார். "அய்யா, வெள்ளையடிச்ச வீட்டைப் பார்த்துச் சந்தோசப்படாதீங்க. எந்தச் சுவருக்கு மட்டும் புதுசா அடிச்சிருக்குன்னு பாருங்க" என்றார். பின்கட்டில் ஒரு சுவர் மட்டும் புதிதாய்ப் பளிச்சிட்டது. அதன் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓர் கோடு, வெள்ளைக்கு அடியில் மங்கலாய்த் தெரிந்தது. மேற்பூச்சில் நூலிழைபோல் ஓடும் வெடிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை; சன்னல், வாசல் மூலைகளிலிருந்து சாய்வாகவோ, செங்கல் வரியைப் பின்பற்றிப் படிப்படியாகவோ இறங்கும் வெடிப்பு, அடித்தளம் இறங்குவதன் அடையாளம் என்று அவர் விளக்கினார். கரிசல் நிலத்தில் இது மிகுதி. அம்மண் மழைக்குப் பொங்கும், வெயிலுக்குச் சுருங்கும்; மேலே நிற்கும் சுவர் அதனோடு ஏறி இறங்க இயலாமல் பிளந்துவிடும்.

வெடிப்பின் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அன்றைய தேதியை எழுதினார். "மழை முடியட்டும், வந்து பார்ப்போம்" என்றார். பின்பு சுவரைக் கைவிரலால் தட்டிக்கொண்டே போனார். பூச்சு விட்டிருந்த இடங்கள் சட்டியைப் போலவே 'பொத்' என்று சொல்லின. கூரைத் தளத்தில் துருக்கறை உண்டா என்று நோக்கினார். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருத்துவிடும்; பருத்த கம்பி தன்னை மூடிய காரையை உடைத்துத் தள்ளும்; அது உறங்குபவர்மேல் விழும். கதவு நிலையின் அடிப்பாகத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தார். கரையான் அரித்த மரம் மேலே வண்ணமும் உள்ளே தூளுமாய் இருக்கும் அல்லவா? கழிவுத் தொட்டி எங்கே, கிணறு எங்கே, இடையில் எவ்வளவு தொலைவு என்றெல்லாம் கேட்டார். கடைசியாகக் கொல்லைக்குப் போய், "இந்த ஓடை எங்கே போச்சு?" என்றார். மலையிலிருந்து நீர் இறங்கும் ஓடையொன்று மண்ணிட்டு மேடாக்கப்பட்டிருந்தது.

விற்பவரின் முகம் மாறியது. "ஹஜ்ரத், நீங்களுமா இப்படி?" என்றார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. ஆயினும், காகிதத்தை ஒட்டிவைக்க அவர் மறுக்கவில்லை. ஐப்பசி மழை கழிந்து சென்றபோது காகிதம் இரண்டாய்க் கிழிந்திருந்தது. நம் மகள் சொன்னாள்: "அத்தா, வீடு எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க படுக்க வேண்டியது அந்த அறையிலதான்." அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? வேண்டாமென்று சொல்லிவிட்டோம். இரு பெருநாள்கள் அவரிடமிருந்து ஸலாம் மட்டுமே வந்தது. பின்னர் அவரே அச்சுவரை அடித்தளத்தோடு பிரித்துக் கட்டினார் என்றும், அடுத்து வந்தவரிடம் ஓடையைப் பற்றியும் தாமே சொல்லி, விலை குறைத்து விற்றார் என்றும் அறிந்தோம். ஒரு ஜுமுஆவுக்குப் பின் அவராகவே வந்து கைகொடுத்தார்.

ஓடைக்காக இவ்வளவா என்று கேட்பவர் உண்டு. வீட்டின் குறை வீட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. வடக்கே உள்ள திருவண்ணாமலையில், ஃபெங்கல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 1ஆம் நாள் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருண்டு வ.உ.சி. நகர் வீட்டின்மேல் விழுந்தன, எழுவர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், அடுத்த மனையின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேரைப் பலிகொண்டது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் நாள் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். இறந்த எளியோர்மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. வேறிடம் செல்ல வசதியற்றோரும், கூலிக்கு உழைக்க வந்தோருமே அவர்களுள் மிகுதி. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை இறைவன் யாருக்கு அளித்திருக்கிறானோ, அவர்கள் மேலே மலையையும், பக்கத்தில் அயலாரின் சுவரையும், கீழே நீரின் பழைய வழியையும் பார்த்தே ஆக வேண்டும்.

சத்தமின்றிக் கொல்லும் குறைகளும் உள. மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, 30 மில்லி ஆம்பியர் அளவுடையது, பெட்டியில் இருக்கிறதா? நிலத்தொடர்புக் கம்பி உண்மையிலேயே நிலத்தைத் தொடுகிறதா? உருகு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் யாரேனும் தடித்த கம்பியைச் சுற்றிவைத்திருக்கிறார்களா? மின்பணியாளர் ஒருவர் அரை நாளில் சொல்லிவிடுவார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சமையலறையில் மேலே சன்னல் இருந்தால் மட்டும் போதாது. தரையை ஒட்டியும் காற்று வெளியேற வழி வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் குழந்தையின் தலைக்கு மேல் உயர்ந்திருக்கிறதா? தடுப்பில்லாத கூரையில் உறங்குபவர் பாதுகாப்பை இழந்தவர் என்றும், எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடக் கூடுமாதலால் இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். உறங்குபவரின் உயிர்மேல் அத்துணை அக்கறை கொண்ட மார்க்கம், சுவரைத் தட்டிப் பார்ப்பதைத் தவறென்று சொல்லுமா?

கொத்தனாரின் விரலுக்கும் அகப்படாத வெடிப்பு ஒன்று உண்டு. தகப்பனார் மறைந்தபின் ஆண்மக்கள் மட்டும் கூடி வீட்டை விற்பதும், அதில் பங்குள்ள சகோதரிகளின் கையொப்பம் இல்லாமல் பத்திரம் எழுதுவதும் நம்மவரிடையே இன்றும் நிகழ்கின்றன. வில்லங்கச் சான்று தூயதாய் இருக்கும். வாரிசுகளின் பட்டியலில்தான் வெடிப்பு இருக்கும். 'அக்காமார்கள் கேட்க மாட்டார்கள்' என்பது பதிலாகாது. அவர்களை நேரில் கேட்டு, பங்கைக் கொடுத்து, கையொப்பம் பெற்ற வீட்டையே வாங்க வேண்டும்.

புதிதாய்க் கட்டி விற்கப்படும் அடுக்ககங்களுக்கு 2016ஆம் ஆண்டின் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு காவலை அளித்திருக்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை சுட்டிக்காட்டப்பட்டால், கட்டியவர் கட்டணமின்றி 30 நாள்களுக்குள் சீர்செய்து தர வேண்டும். பழைய வீட்டை ஒருவர் மற்றொருவருக்கு விற்கும்போது இக்காவல் இல்லை. அங்கே காவல் இரண்டே: வாங்குபவரின் கண், விற்பவரின் நா.

ஆகவே, வீடு வாங்கும் அன்பர்கள் கூச்சத்தை வாசலிலேயே விட்டுச் செல்லட்டும். ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை மழைக்குப் பின்னும் பார்க்கட்டும். கொத்தனாருக்கும் மின்பணியாளருக்கும் ஒரு நாள் கூலி கொடுக்க அஞ்சாதிருக்கட்டும். விற்கும் அன்பர்களோ, வந்தவர் சுவரைத் தட்டும்போது முகம் சுளிக்காமல், அவர் தட்டாத இடத்தையும் தாமே காட்டட்டும். நனைந்த தானியத்தை மேலே எடுத்து வைப்பது என்பது அதுதான். விலையில் சில ஆயிரம் குறையலாம். ஆனால் அந்தக் கூரையின் கீழ் யாரோ ஒருவருடைய பிள்ளைகள் இன்றிரவும் உறங்கப் போகிறார்கள்.