சொந்த மண்ணுக்காகச் சுடாத துப்பாக்கி!

செக் குடியரசின் தலைநகர் பிராக். அங்கிருந்து ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் பிர்னோ வந்துவிடுகிறது. நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் என்றாலும், பிராக்கில் அலைமோதும் சுற்றுலாக் கூட்டத்தில் பாதிப் பேர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் போனதும் ஊர் சுற்ற அல்ல. பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கத்தான் போனேன்.

'தபால்தலை சேர்க்கலாம், நாணயம் சேர்க்கலாம். துப்பாக்கியையா?' என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் போனேன்.

நமக்குத் தெரிந்த ஊர்தான்!

பிர்னோ என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த ஊரின் பாதிப் பெயரை ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். உங்கள் குடும்பத்தில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், 'பிரென் கன்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். உடனே உற்சாகமாகிவிடுவார். பிர்னோவின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளையும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆலையின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர் அது.

கதை இதுதான். வாட்ஸ்லாவ் ஹோலெக் என்ற செக் வடிவமைப்பாளர் உருவாக்கிய இலகு இயந்திரத் துப்பாக்கி 1926-ல் செக்கோஸ்லோவாக்கிய ராணுவத்துக்கு வந்தது. பிர்னோவில் இருந்த 'ஸ்ப்ரோயோவ்கா' ஆலை அதைத் தயாரித்தது. 'ஆயுத ஆலை' என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். 1930-களில் பிரிட்டிஷ் ராணுவம் பல நாட்டுத் துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் செக் வடிவத்தையே தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அப்படிப்பட்ட தோட்டாக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் வரிசை வளையும். அதனால்தான் பிரென் கன்னின் தலையில் இருக்கும் தோட்டாப் பெட்டி வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்கள் தோளில் சுமந்ததும் அதைத்தான். பின்னர் தோட்டா அளவை மாற்றி, 'எல்.எம்.ஜி' என்ற பெயரில் நம் ராணுவம் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. போர் முடிந்ததும் இதே பிர்னோ ஆலை டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. 1946-ல் பிறந்த அந்த டிராக்டரின் பெயர் 'ஜெட்டோர்'. ஆலையின் முதல் எழுத்தான 'ஜெட்', 'டிராக்டோர்' என்பதன் வால் 'ஓர்', இரண்டும் சேர்ந்த பெயர். 1970-களில் நம் வயல்களில் ஓடிய ஹெச்.எம்.டி. டிராக்டர் இதன் தொழில்நுட்பத்தில் உருவானதுதான். அவ்வளவு ஏன், நம்மூர் ஜாவா பைக்? ஃப்ரான்டிஷெக் யானெச்செக் என்ற செக் ஆயுதத் தயாரிப்பாளர் 1929-ல் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உரிமையை வாங்கினார். யானெச்செக்கின் 'ஜா', வாண்டரரின் 'வா'. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்!

இரும்பு அலமாரி

பெரியவருக்கு 77 வயது. ஓய்வு பெற்ற லேத் மெக்கானிக். 'பெயரும் வீட்டு விலாசமும் எழுத வேண்டாம்' என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். துப்பாக்கி சேர்ப்பவர்கள் எல்லோருமே இப்படித்தானாம். விஷயம் தெரிந்தால் திருடர்கள் வருவார்கள். அவருக்குச் செக் மொழி மட்டும்தான் தெரியும். கல்லூரியில் படிக்கும் பேத்தி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, எங்கள் பேச்சு ஓடியது.

முதலில் காபி. கூடவே, பாலாடைக்கட்டி வைத்த இனிப்பு ரொட்டி. அதன் பிறகுதான் உள்ளறைக்குக் கூட்டிப் போனார். கனமான இரும்பு அலமாரி. திறந்ததும் எண்ணெய் வாசனை. நம்மூர் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் போன்ற ஒரு வாசனை.

"இதையெல்லாம் வைத்துக்கொள்ள அரசாங்கம் சும்மா விட்டுவிடுமா?" என்றேன்.

பேத்தி சிரித்துவிட்டாள். "தாத்தா தேர்வு எழுதி பாஸ் செய்தவர்!"

செக் நாட்டில் துப்பாக்கி உரிமம் வேண்டுமானால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு உண்டு. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாண்டு, சுட்டும் காட்ட வேண்டும். மருத்துவச் சான்று கட்டாயம். குற்றப் பின்னணி இருக்கக் கூடாது. 1890-க்கு முந்தைய வடிவங்களுக்குக் கெடுபிடி குறைவு. அதற்குப் பிந்தையவை போலீஸ் பதிவேட்டில் ஏற வேண்டும். சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளை மட்டும் வாங்கிச் சுவரில் மாட்டுபவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

கேட்காமல் வரக் கூடாது என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். 2023 டிசம்பர் 21 அன்று, பிராக் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 14 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனிடமும் உரிமம் இருந்தது.

பேத்தி அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். ஆனால், பெரியவருக்குத் தேதியும் பல்கலைக்கழகத்தின் பெயருமே போதுமானதாக இருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அடுத்த வாரமே நானாகவே டாக்டரிடம் போனேன். என் கண், என் கை, என் மனசு, எல்லாவற்றையும் பாருங்கள் என்றேன். அவர் போதாது என்று சொல்லியிருந்தால், இதையெல்லாம் மியூசியத்துக்குக் கொடுத்திருப்பேன்."

சிங்கமும் மூன்று எழுத்தும்

இரண்டு துப்பாக்கிகளை எடுத்து, கம்பளி விரித்த மேசையில் வைத்தார். தோட்டா இல்லை என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிய பிறகுதான் என்னைக் கிட்டே வரவிட்டார்.

முதலாவது, 'வ்சோர் 24'. 'வ்சோர்' என்றால் மாதிரி. 1924-ம் ஆண்டு மாதிரி என்று அர்த்தம். ஜெர்மனியின் மவுசர் அமைப்பில் செக் நாட்டவர் செய்த ராணுவத் துப்பாக்கி. நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது தோட்டா ஏறும் இடத்துக்கு மேலே இருக்கும் முத்திரையைத்தான். இரட்டை வால் கொண்ட சிங்கம், செக் நாட்டின் சின்னம். பக்கவாட்டில் ஆலையின் பெயர், பிர்னோ என்ற ஊர்ப் பெயர். இன்னோர் இடத்தில் ராணுவம் சோதித்து ஏற்றுக்கொண்டதற்கான குட்டி முத்திரை. அதில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்: 38.

அடுத்துப் பார்ப்பது எண்கள். துப்பாக்கியின் உடலில் இருக்கும் எண்ணும், முன்னும் பின்னும் இழுக்கிற போல்ட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால், அது பிறந்தபடியே இருக்கிறது என்று பொருள். வேறாக இருந்தால், ஏதோ ஒரு பட்டறையில் கலந்துவிட்டது. பளபளவென்று பாலிஷ் போட்டால் மதிப்புப் போய்விடும். மரக்கட்டையில் யாரோ கத்தியால் கீறிய பெயர், கை பட்டுக் கறுத்த இடம், இவையெல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

இரண்டாவது துப்பாக்கியும் மவுசர் குடும்பம்தான். அதே பிர்னோவில் செய்தது. ஆனால், சிங்கம் இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை. 'டி', 'ஓ', 'டி' என்று மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும். பக்கத்தில் கழுகு முத்திரை. நாஜி ஜெர்மனி பிர்னோ ஆலைக்குக் கொடுத்த ரகசியக் குறியீடு அது.

"அதே ஆலை. அதே ஊர்க்காரர்கள். ஐந்து வருஷ இடைவெளி" என்றார் பெரியவர். இரண்டையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைப்பாராம்.

ஒரு வாரப் போர்க்கோலம்

1938 செப்டம்பர் 23. ஹிட்லர் எல்லைப் பகுதியைக் கேட்டு மிரட்டிக்கொண்டிருந்த நேரம். இரவில் வானொலியில் அறிவிப்பு வந்தது: எல்லோரும் படைக்கு வரவும். பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆண்கள் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இந்தப் பெரியவரின் அப்பா. அப்போது 24 வயது. கையில் ஒரு வ்சோர் 24. நிற்க வேண்டிய இடம், ஆஸ்திரிய எல்லையில் ஸ்னொய்மோ ஊருக்கு அருகே ஒரு கான்கிரீட் பதுங்கு குழி. நாடு முழுக்க எல்லை நெடுக இப்படிச் சிறிய பதுங்கு குழிகளை ஆயிரக்கணக்கில் கட்டி வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 30. ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் மியூனிக்கில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டன. எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருடைய நிலமோ, அவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

பதுங்கு குழியில் இருந்தவர்கள் ஒரு தோட்டாகூடச் சுடாமல் வெளியே வந்தார்கள். துப்பாக்கியைக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

1939 மார்ச் 15. மிச்ச நாட்டுக்குள்ளும் ஜெர்மானியப் படை நுழைந்தது. முந்தின மாலை, மீஸ்டெக் என்ற ஊரின் படைமுகாமில் மட்டும், கேப்டன் காரெல் பாவ்லீக்கும் அவரது வீரர்களும் மேலிட உத்தரவு இல்லாமலே சுமார் அரை மணி நேரம் எதிர்த்துச் சுட்டார்கள். அவ்வளவுதான். பாவ்லீக் பின்னாளில் மவுத்ஹவுசன் வதைமுகாமில் இறந்தார்.

கிடங்குகளில் இருந்ததை ஜெர்மனி அள்ளிக்கொண்டது. அடுத்த மாதம் ஹிட்லர் தன் நாடாளுமன்றத்தில் கணக்கு வாசித்தார்: பத்து லட்சத்துக்கும் மேல் துப்பாக்கிகள், நாற்பதாயிரத்துக்கும் மேல் இயந்திரத் துப்பாக்கிகள்.

இதில் வேதனை என்னவென்றால், பிர்னோவின் துப்பாக்கிகள் உலகமெல்லாம் சுட்டன. சீனாவில் ஜப்பானுக்கு எதிராக. தென் அமெரிக்காவில் பொலிவியாவும் பராகுவேயும் மோதிய சாக்கோ போரில். பிறகு ஜெர்மானியர் கையில் ஐரோப்பா முழுக்க. யாரைக் காக்கச் செய்தார்களோ, அவர்களுக்காகச் சுட வேண்டிய வாரத்தில் மட்டும் சுடவில்லை.

"சுட்டிருந்தால் ஜெயித்திருப்பீர்களா?" என்றேன்.

"தெரியாது. சுட்டிருந்தால் அப்பா செத்திருப்பார். நான் பிறந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். ஆனால், அப்பா சாகிற வரைக்கும் அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்."

ஒரு சின்ன டைரி

அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பாக்கெட் டைரியை எடுத்தார். அப்பா இறந்த பிறகு கோட்டுப் பையில் கிடைத்ததாம். 1938 செப்டம்பர் பக்கத்தில் பென்சிலில் ஓர் எண். எழுத்தும் இலக்கமும் கலந்தது. வேறு எதுவும் எழுதவில்லை.

அது அப்பாவின் துப்பாக்கி எண்.

நாற்பது வருஷமாக அதைத்தான் தேடுகிறார். ஏலங்களில், சந்தைகளில், மற்ற சேகரிப்பாளர்களின் அலமாரிகளில். அலமாரியில் இருக்கும் வ்சோர் 24 துப்பாக்கிகள் எல்லாமே அந்தத் தேடலில் வந்து சேர்ந்தவை. "ஜெர்மன்காரன் கொண்டுபோயிருப்பான். அவனிடமிருந்து ரஷ்யாக்காரன் பிடுங்கியிருப்பான். இப்போது அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கலாம். உருக்கிக் கடப்பாரை ஆக்கியிருக்கலாம்."

"கிடைத்தால் என்ன செய்வீர்கள்?"

"அப்பா நின்ற பதுங்கு குழிக்கு ஒருமுறை கொண்டுபோவேன். சுட மாட்டேன். வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்."

பிர்னோ தொழில்நுட்ப அருங்காட்சியகம், ஸ்னொய்மோ அருகே ஷாடொவ் என்ற இடத்தில் அந்தக் கால அரண் ஒன்றைப் பராமரித்து மக்களுக்குக் காட்டுகிறது. அதைத் தவிர, விடுமுறை நாட்களில் தன்னார்வலர்கள் பழைய பதுங்கு குழிகளுக்குப் பெயின்ட் அடித்து, புல் வெட்டுவதை இந்த நாடு முழுக்கப் பார்க்கலாம். துப்பாக்கி சேர்ப்பவர்களும் இவர்களும் பெரும்பாலும் ஒரே கூட்டம்தான் என்றாள் பேத்தி.

கிளம்பும்போது பழைய ஆலை இருந்த இடத்தைக் காரில் காட்டினாள். ஆயுதத் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. புதிய குடியிருப்புகளுக்காக அந்த இடமே மாறிக்கொண்டிருக்கிறது. ஊர் கால்பந்து அணி மட்டும் இன்னும் 'ஸ்ப்ரோயோவ்கா' என்ற பெயரில் ஆடுகிறது.

மறுநாள் பிராக்கில், ஷிஷ்கொவ் பகுதியில் இருக்கும் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வ்சோர் 24. முந்தின நாளாக இருந்தால் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். இப்போது குனிந்து, தலையைச் சாய்த்து, எண்ணைத் தேடினேன். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

அது பெரியவரின் எண் அல்ல. ஆனாலும் போட்டோ எடுத்து, பேத்தியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "தாத்தா நன்றி சொல்லச் சொன்னார். அடுத்த அறையிலும் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்."