மடியில் வைத்துப் பார்த்து வாங்கும் கிடார்

கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டு அதிகாலையிலேயே தொடங்கிவிடும். காலையெல்லாம் வெட்டுக்கத்தி பிடித்த கை மாலையில் கிடார் கம்பியை அழுத்த வேண்டுமென்றால், அந்தக் கிடார் கைக்கு இணக்கமாக அமைய வேண்டும். செமி ஹாலோ எலக்ட்ரிக் கிடார் மீது ஆசைப்படும் இளைஞர் தடிக்காரன்கோணம் வழியாக நாகர்கோவிலுக்கோ, இன்னும் தள்ளித் திருவனந்தபுரத்துக்கோ போய், மடியில் வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. நெக்கின் பருமன் ஆன்லைன் படத்தில் தெரியாது.

இந்த வகைக்கு மூலவர் 1958-இல் வந்த கிப்ஸன் இ.எஸ்-335. உடல் முழுக்கக் கூடாக இருந்தால் ஆம்ப் சத்தத்தைக் கூட்டும்போது ஊளையிடும். அதைத் தடுக்க நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்தார்கள், இருபுறமும் கூடு. அதுவும் ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்குக்குப் போதவில்லை. அவர் பெயரில் 1980-இல் வந்த 'லூசில்' மாடலில், ஊளையை இன்னும் குறைக்க, உடலின் முகப்பில் வழக்கமாக இருக்கும் எஃப் வடிவத் துளைகளே இல்லை. எரிக் கிளாப்டன் வாசித்த 335 ஒன்று 2004-இல் 8,47,500 டாலருக்கு ஏலம் போனது.

நம் பைக்கு ஏற்றவை கிப்ஸனின் துணை நிறுவனமான எபிஃபோனின் 335-உம், ஐபனேஸ் ஏ.எஸ்-73-உம். இரண்டிலும் கம்பியின் அதிரும் நீளம் ஏறக்குறைய 24.75 அங்குலம், ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் 25.5. இந்த முக்கால் அங்குலத்தால் கம்பியின் இழுவை குறைகிறது. களைத்த விரலுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் உடல் சுமார் 16 அங்குல அகலம். குள்ளமானவருக்கு வலது தோள் தூக்கிக்கொள்ளும்; அவர் சிறிய உடல் கொண்ட 339-ஐப் பார்க்கலாம்.

கடையில் வார் மாட்டி எழுந்து நின்று, நெக்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். கிடாரின் தலை கீழே சரிந்தால் இடது கை காலமெல்லாம் அதைத் தாங்க வேண்டிவரும். பிறகு நெக்கின் ஓரமாகக் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால், ஃப்ரெட் முனைகள் கீறுகின்றனவா என்று தெரிந்துவிடும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் போதும். அதற்கு மேல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, செட்டப்பில் சரியாகிவிடும். அதற்கான கூலியை முதலிலேயே ஒதுக்கிக்கொண்டு, ஒரு படி விலை குறைந்த கிடாரை எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஃப்ரெட்போர்டு ஈட்டி மரம் இல்லை என்றும் மனம் தளர வேண்டாம். 2017-இல் ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, எபிஃபோன் பல மாடல்களில் கருமருதுக்கு மாறியது. இரண்டுமே நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற மரங்கள்தாம்.