பிரசங்கம் கேட்காத பிள்ளை

ராயபுரம் ராயப்பர் கோயிலில் ஞாயிறு பூசை. சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, என் ஏழு வயது மகன் தரையில் விரலால் படகு வரைந்துகொண்டிருந்தான். கையில் சுரீரென்று ஒரு அடி வைத்தேன். அவன் அழவில்லை. ஆனால் அன்று முழுக்க எதையும் வரையவில்லை.

அந்த வாரம் செல்போனில் ஒரு படம் கண்ணில் பட்டது. ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1650-களில் செய்தது. செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தில் அரிக்கவிட்டு, மை தடவித் தாளில் அச்செடுப்பார்கள். இதற்கு ‘எச்சிங்’ என்று பெயர்.

படத்தில் இயேசு கைகளை உயர்த்திப் போதிக்கிறார். சுற்றிலும் எளிய மக்கள். முன்னால் ஒரு குழந்தை குப்புறப் படுத்து மண்ணில் விரலால் வரைகிறது. பக்கத்தில் அதன் பம்பரம். யாரும் அதட்டவில்லை. இயேசுவும்தான்.

ரெம்பிராண்ட், முதல் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையிலேயே பறிகொடுத்தவர். குழந்தையின் அருமை தெரிந்த கை அது.

அடுத்த ஞாயிறு, “வரைஞ்சுக்கோ கண்ணா” என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விரலைத் தரையில் வைத்தான். அந்தப் பார்வை மாற இன்னும் எத்தனை ஞாயிறு ஆகுமோ!