மூன்றால் பெருக்கும் கணக்கு

எங்கள் பள்ளியில் பணம் என்னும் தலைப்பில் கணிதம் கற்பிப்பது எளிது. ஜொகூர் பாருவில் வளரும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மனத்தில் பதிவதற்கு முன்பே நாணய மாற்று விகிதம் பதிந்துவிடுகிறது. "இன்று சிங்கப்பூர் வெள்ளி எவ்வளவு?" என்று கேட்டால் நான்கைந்து கைகள் உடனே உயரும். அப்பாவின் சம்பள நாளில் வீட்டில் பேசப்படும் எண் அல்லவா அது!

விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடக்கும் தந்தையரின் பிள்ளைகள் முதல் பாடவேளையிலேயே கொட்டாவி விடுவார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அந்தத் தந்தையரின் உழைப்பைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அவர்களின் பணத்தைப் பற்றி. தமிழாசிரியைக்கு இது வேண்டாத வேலை என்று நினைப்போர் நினைக்கட்டும்.

ஒரு காலத்தில் இந்தப் பெருக்கல் தேவைப்படவில்லை. 1967இல் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நாணயங்களை வெளியிட்டபோதும் ஒன்றுக்கு ஒன்று என்னும் மதிப்பிலேயே மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்த ஏற்பாடு 1973இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் இரு வெள்ளிகளும் விலகிச் சென்று, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு மூன்றரை ரிங்கிட்டைத் தாண்டியது. அக்கரையில் வாங்கும் சம்பளத்தை மூன்றால் பெருக்கிப் பார்ப்பது நம் மக்களின் இயல்பாகிவிட்டது.

என் தம்பியும் அப்படிப் பெருக்கிப் பார்த்துத்தான் 2009இல் இங்கிருந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் சென்றான். அண்மையில் அவனுடைய ஊழியர் சேமநிதி அறிக்கையை இருவரும் சேர்ந்து பார்த்தோம். கடைசியாகச் சந்தா செலுத்தப்பட்ட ஆண்டு 2009. அதன்பின் ஆண்டுதோறும் ஒரே ஒரு வரி, இலாப ஈவு. அவன் சேர்த்து வைத்துச் சென்ற சிறு தொகை அவனுக்காகத் தனியே உழைத்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் வேலை செய்வோர் படிப்பதற்குச் சுவையான நூல் எது என்று யாரேனும் கேட்டால், இந்த அறிக்கையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

சிங்கப்பூரில் மத்திய சேமநிதி இருக்கிறதே என்று சிலர் எண்ணுவதுண்டு. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரியும் மலேசியருக்கு முதலாளி அந்த நிதியில் ஒரு காசும் செலுத்துவதில்லை. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்தமும் இல்லை. கைக்கு முழுச் சம்பளமும் வருகிறது. அந்த முழுமையில்தான் சிக்கல் இருக்கிறது.

விகிதம் 3.20 என்று வைத்துக்கொள்வோம். 2,000 சிங்கப்பூர் வெள்ளி வாங்குபவர் வீட்டில் 6,400 ரிங்கிட் என்று சொல்வார். இங்கே ஒருவர் 6,400 ரிங்கிட் சம்பளம் வாங்கினால், முதலாளி தம் பங்காக 12 விழுக்காடு, அதாவது 768 ரிங்கிட், சேமநிதியில் கட்ட வேண்டும். தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, 704 ரிங்கிட். மாதந்தோறும் 1,472 ரிங்கிட் ஓய்வுக்காலத்திற்கென்று ஒதுங்கிவிடும்.

இதைச் சொன்னதும் தம்பி சிரித்தான். "அக்கா, இங்க எனக்கு யாரு ஆறாயிரத்து நானூறு கொடுப்பா? ரெண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தா பெரிசு!"

அவன் சொல்வது நியாயம். ஆகவே கணக்கை மாற்றிப் போட்டோம். 2,500 ரிங்கிட் சம்பளத்தில் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 325 ரிங்கிட். தொழிலாளியின் பங்கு 275. ஆக 600. இங்கேயே வேலை செய்யும் அவனுடைய பழைய நண்பன் குறைவாகவே சம்பாதிக்கிறான். ஆனால் அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மாதம் 600 ரிங்கிட் சேர்கிறது. பதினாறு ஆண்டுகளில், இலாப ஈவைச் சேர்க்காமலே 115,200 ரிங்கிட். அக்கரையில் இருப்பவர் அதற்கு ஈடாகச் சேர்க்க மாதம் 190 சிங்கப்பூர் வெள்ளி கூடத் தேவையில்லை. முடியாத தொகையா? இல்லை. ஆனால் நண்பனைச் சட்டம் சேமிக்க வைத்தது. தம்பியை யாரும் சேமிக்க வைக்கவில்லை. வீட்டுக் கடன், வண்டித் தவணை, பிள்ளைகளின் பிரத்தியேக வகுப்பு, தீபாவளி என்று ஒவ்வொன்றும் அவனுக்கு முன்பே வரிசையில் நின்றன.

வழியில் நேரும் விபத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே சொக்சோவில் பதிந்த தொழிலாளி வேலைக்குச் செல்லும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் அது வேலையிட விபத்தாகக் கருதப்படும். சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்கும் உரியதுதான். ஆனால் சொந்த மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வரும் வழியில் நேரும் விபத்து பொதுவாக அதில் அடங்காது. தனிப்பட்ட விபத்துக் காப்புறுதி எடுத்திருக்கிறீர்களா என்று நான் கேட்ட தந்தையர் பலர், மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி இருப்பதாகப் பதில் சொன்னார்கள்! வண்டிக்கு இருக்கிறது, ஓட்டுபவருக்கு?

2020 மார்ச் 18ஆம் நாளை எங்கள் ஊரில் எவரும் மறந்திருக்க முடியாது. எல்லை மூடப்பட்டது. முதல் நாள் மாலை பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் பாலத்தைக் கடந்தவர்கள், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அங்கேயே தங்கினார்கள். கடக்காதவர்கள் பலர் வேலையை இழந்தார்கள். இடையில் சில சிறு வழிகள் திறந்தாலும், முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாளில்தான். அந்த இரண்டாண்டுகளில் இயங்கலை வகுப்பில் ஒரு மாணவி, அப்பா பார்க்கட்டும் என்று தன் கட்டுரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பி வந்தாள். மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு இருந்த வீடுகளுக்கும் இல்லாத வீடுகளுக்கும் உள்ள வேற்றுமையை அப்போது பிள்ளைகளின் முகத்திலேயே காண முடிந்தது.

விகிதத்தை நம்பிக் கடன் வாங்குவதும் அப்படித்தான். 2024 தொடக்கத்தில் மூன்றரை என்று கணக்கிட்டு வண்டி வாங்கியவர்களுக்கு, அதே ஆண்டின் பிற்பகுதியில் ரிங்கிட் வலுப்பெற்றபோது சம்பளம் சுருங்கியது, தவணை சுருங்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? வெளிநாட்டில் வேலை செய்யும் மலேசியரும் ஊழியர் சேமநிதியில் தாமாகவே சந்தா செலுத்தலாம். ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை அனுமதி உண்டு. வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு இலாப ஈவு சட்டப்படி உறுதி. 2024 மே மாதம் முதல், 55 வயதுக்கு உட்பட்டோர் செலுத்தும் தொகையில் 75 விழுக்காடு ஓய்வுக்கணக்கிலும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்கிலும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கிலும் சேர்கின்றன. பணம் முடங்கிவிடும் என்று தயங்குவோர் உண்டு. என் கருத்தில், எளிதாக எடுக்க முடியாமல் இருப்பதே அதன் சிறப்பு. வாரிசுப் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். திருமணத்திற்கு முன் எழுதிய பெயர் அப்படியே இருக்கலாம்.

தம்பி சம்பளம் வந்த மறுநாளே 600 ரிங்கிட் செலுத்தத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. மூன்றாம் மாதம் தவறவிருந்தது. அண்ணியின் நினைவூட்டலால் தப்பியது என்று நான் எழுதினால் அவன் கோபித்துக்கொள்வான், அவள் எனக்குத் தம்பி மனைவி, அவனுக்குத்தான் மேலதிகாரி. சென்ற வாரம் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட வந்த ஒரு தாயார், தம் கணவரின் சேமநிதி எண்ணை எங்கே தேடுவது என்று கேட்டார். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வாரியத்தின் முகப்பிடத்திற்குச் சென்றால் சொல்வார்கள் என்றேன். கணவருக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே என்றார். அன்று முகப்பிடம் இயங்காது. ஆகவே, வாரியத்தின் கைப்பேசிச் செயலியைத் தரவிறக்கி, அவர் வீடு திரும்பும் இரவில் இருவரும் சேர்ந்து முயன்று பார்ப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.